பழைய கூட்டுப்பெட்டிக்கு ஓர் இரண்டாவது படம்

சென்ற வாரம் இப்பக்கத்தில் நான் இட்ட ஒரு படத்துக்கு, என் ஆய்வு தொடர்பான எந்தப் பதிவுக்கும் கிடைத்திராத வரவேற்பு கிடைத்தது. விழிஞ்ஞத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, வெள்ளாயணிக் காயலை ஒட்டிய புஞ்சக்கரி வயல்வெளியில் எடுத்த படம் அது. வரப்பில் ஒரு பூவரசு. அதன் தண்டில் கட்டுக்கம்பியால் கட்டப்பட்ட பழைய கூட்டுப்பெட்டி. கூரைப் பலகையில் பாதி உதிர்ந்து, மீதியில் பாசி படர்ந்திருக்கிறது. பின்புலத்தில் மங்கலாக ஒரு செந்நாரை. "கவிதை" என்று எழுதியிருந்தீர்கள். "தனிமையின் உருவம்" என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆயினும் அப்பாராட்டை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை.

அப்படத்தில் நான் காட்டாத இரண்டு செய்திகள் உள்ளன. பெட்டியிலிருந்து பத்தடி தொலைவில் தலையில்லாத ஒரு மொட்டைத் தென்னை நின்றது. சட்டகம் அழகாக அமைய வேண்டும் என்பதற்காக அதை நான் வெட்டி நீக்கிவிட்டேன். அடுத்தது, ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பெட்டியை அங்கே கட்டியவர்களுள் நானும் ஒருத்தி. இவ்விரண்டையும் மறைத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வு மாணவி ஒருத்தி வெளியிடத் தக்க படம் ஆகாது. ஆகவே இப்பதிவு.

முதுகலை மாணவியாக இருந்தபோது, ஈரநிலப் பறவைகள் குறித்த விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றேன். பன்னிரண்டு பெட்டிகள் கொண்டுவரப்பட்டிருந்தன. வரிசையாக நின்று, ஆளுக்கொரு பெட்டியை மார்போடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். பின்னர் வரப்போர மரங்களில் அவற்றைக் கட்டினோம். மதிய உணவுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் படம் ஓர் ஆண்டறிக்கையில் அச்சாயிற்று. என் தன்விவரக் குறிப்பிலும் ஒரு வரியாக இடம்பெற்றது. அதன்பின் அப்பெட்டிகளை யாரும் போய்ப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

சென்ற நவம்பர் இறுதியில், வேறொரு வேலையாகப் புஞ்சக்கரிக்குப் போனபோது தற்செயலாக அப்பெட்டி கண்ணில் பட்டது. வயலில் வேலையாக இருந்த பெரியவர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் மண்வெட்டியை நிறுத்தாமலே சொன்னார்: "அது அன்னு ஃபோட்டோ எடுக்கான் வச்சதல்லே, மோளே." அன்றைக்குப் படம் எடுப்பதற்காக வைத்ததுதானே, மகளே என்று பொருள். அவர் குரலில் கேலி இல்லை. தாம் கண்டதைக் கூறினார். இப்பதிவில் நான் சொல்லப்போகும் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேரளத்தின் காயல்களுள் பெரும்பாலானவை கடலோடு தொடர்புடைய உப்புநீர்ப் பரப்புகள். நன்னீர் ஏரிகள் மிகச் சில: கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாம்கோட்டை, வயநாட்டுப் பூக்கோடு, திருவனந்தபுரத்து வெள்ளாயணி. இவற்றுள் சாஸ்தாம்கோட்டை 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளாயணி ஒரு காலத்தில் நீரை இறைத்து வற்றவைத்து நெல் விளைவிக்கப்பட்ட ஏரி. பிற்பாடு அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதன் கரையில் 1955 முதல் வேளாண் கல்லூரி இயங்கிவருகிறது. விழிஞ்ஞம் வட்டாரத்தின் குடிநீர் இந்த ஏரியை நம்பியிருக்கிறது. ஏரியில் தாமரை வளர்த்துப் பறித்து விற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏரியை அடுத்த புஞ்சக்கரி, நெல்லும் காய்கறியும் தரிசும் நீர்த்தேக்கமும் மாறிமாறி வரும் தாழ்நிலம்; தலைநகரத்துப் பறவை நோக்கர்கள் விடுமுறை நாள்களில் முதலில் நாடும் இடம் அதுவே.

படம் எடுப்பவர்களுக்கு இவ்விடம் புதிதன்று. 1989-இல் வெளிவந்த 'கிரீடம்' என்ற மலையாளத் திரைப்படத்தில் இடம்பெற்ற சிறு பாலம் இப்பகுதியில்தான் உள்ளது. இன்றும் மக்கள் அதைக் கிரீடம் பாலம் என்றே அழைக்கிறார்கள். மணமக்களும் கல்லூரி மாணவர்களும் அங்கு வந்து படம் எடுத்துச் செல்கிறார்கள். தெற்கே சில கிலோமீட்டரில், 2025 மே 2 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் எழுந்து நிற்கின்றன. துறைமுகம் வந்தபின் சாலையும் கிடங்கும் குடியிருப்பும் இந்தத் தாழ்நிலங்களை நோக்கி நகர்வது இயல்பு. இத்தகைய ஓரிடத்தில் பறவைகளின் பெயரால் நாம் என்ன செய்கிறோம், அதை எவ்வாறு பதிவு செய்கிறோம் என்பது வெறும் அழகியல் வினா ஆகாது. நாளை இந்நிலம் குறித்த ஒரு முடிவு எடுக்கப்படும்போது, நம் பதிவுகள் சான்றாக நிற்குமா, அலங்காரமாக நிற்குமா என்பது அதில் அடங்கியிருக்கிறது.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். கூட்டுப்பெட்டி எந்தப் பறவைக்கு? தானே மரத்தைக் குடைந்து கூடமைக்கும் மரங்கொத்தியும் குக்குறுவானும் ஒரு வகை. தாமே குடைய இயலாமல், ஏற்கெனவே உள்ள பொந்தைத் தேடி அதில் முட்டையிடும் மைனா, குண்டுகரிச்சான், புள்ளி ஆந்தை, கிளி முதலியன மற்றொரு வகை. கூட்டுப்பெட்டி இந்த இரண்டாம் வகைக்கே பயன்படும். புஞ்சக்கரிக்கும் வெள்ளாயணிக்கும் நாம் எந்தப் பறவைகளைப் பார்க்கப் போகிறோமோ, அவற்றுள் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தாமரைக்கோழி மிதக்கும் இலைகளின்மேல் முட்டையிடுகிறது; நீளவால் தாமரைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. முக்குளிப்பான் நீர்த்தாவரங்களைத் திரட்டி மிதவைக் கூடு கட்டுகிறது. நீலத் தாழைக்கோழிக்குக் கோரையும் நாணலும் வேண்டும். தூக்கணாங்குருவிக்கு வயலோரத்துப் பனையோ தென்னையோ வேண்டும். மீன்கொத்திக்குச் செங்குத்தான மண்கரை வேண்டும். இவற்றுள் எதுவும் பலகைப் பெட்டிக்குள் நுழையப் போவதில்லை. நீர்ப்பறவைகளுள் குள்ளத்தாரா மரப்பொந்தை நாடுவது. சிறு சீழ்க்கைச்சிறகியும் சில வேளைகளில் பொந்தில் முட்டையிடும். அவற்றுக்குத் தேவைப்படும் பெட்டி அளவிலும் வாயிலிலும் முற்றிலும் வேறானது.

நாங்கள் கட்டிய பெட்டியின் துளை முப்பத்திரண்டு மில்லிமீட்டர். இணையத்தில் சிட்டுக்குருவிப் பெட்டிக்கெனக் கிடைக்கும் அளவு அது. சிட்டுக்குருவியோ மனிதக் குடியிருப்பையும் சந்தையையும் ஒட்டி வாழ்வது. அது வயலின் நடுவில் நிற்கும் பூவரசைத் தேடி வரக் காரணம் இல்லை. அங்கே இருந்த குண்டுகரிச்சானுக்கும் மைனாவுக்கும் அத்துளை சிறியது. வர வாய்ப்பில்லாத பறவைக்கு வாயில் திறந்துவைத்து, வரக்கூடிய பறவைக்கு அதைச் சாத்தியிருந்தோம். துளை தென்மேற்கே பார்த்திருந்ததால், எடவப்பாதி மழை ஒவ்வோர் ஆண்டும் நேராக உள்ளே அடித்திருக்கும். அடிப்பலகையில் நீர் வடியத் துளையே இல்லை.

சிட்டுக்குருவிப் பெட்டி நம் கல்லூரிகளுக்கு வந்த வழியும் எண்ணத் தக்கது. 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்த முயற்சி பெருநகரங்களில் பலரைப் பறவைகளை நோக்கித் திருப்பியது. அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்கள் சிலவற்றில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் நோக்க ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று காட்டியது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என வகைப்படுத்தியது. அந்த 178-இல் சிட்டுக்குருவி இல்லை. அவ்வினங்களுள் பலவற்றைக் காப்பதற்குத் திறந்த நிலமும் ஈரநிலமும் கடற்கரையும் அவையவையாக நீடித்திருக்க வேண்டும். அதைப் பெட்டியில் அடைத்து மரத்தில் கட்ட முடியாது. அதனாலேயே அதற்கு விழா எடுப்பதும் கடினம்.

ஈரநிலத்தில் கூட்டுப்பெட்டி என்ற கருத்தே தவறு என்று நான் வாதிடவில்லை. வட அமெரிக்காவின் மரவாத்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வேட்டையாலும் பழைய பொந்து மரங்கள் வெட்டப்பட்டதாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அருகிப்போயிற்று. 1918-இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1930களின் பிற்பகுதியில் இல்லினாயிஸ் மாநிலத்தில் ஃபிராங்க் பெல்ரோஸ் முதலிய ஆய்வாளர்கள் பெட்டிகளை வைத்துப் பார்க்கத் தொடங்கினர். வாத்துகள் அவற்றை ஏற்றன. எண்ணிக்கை மீண்டதில் வேட்டைத் தடைக்குப் பெரும் பங்கு உண்டு. பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

கதை அங்கே முடியவில்லை. பெட்டிகளைத் திறந்த நீர்ப்பரப்பில், எளிதில் கண்ணில் படுமாறு, அருகருகே வைப்பது வழக்கமாயிற்று. 1980களில் பிராட் செமலும் பால் ஷெர்மனும் அப்பெட்டிகளைத் தொடர்ந்து கவனித்தனர். ஒரு வாத்து இன்னொன்றின் பெட்டியில் முட்டையிட்டுப் போவது மிகுந்திருந்தது. ஒரே பெட்டியில் அடைகாக்க இயலாத அளவுக்கு முட்டைகள் குவிந்து, பல பொரியாமல் வீணாயின. இயற்கையில் பொந்துகள் மறைவாகவும் தனித்தனியாகவும் அமைந்திருக்கும். ஆகவே பெட்டிகளையும் காட்டுக்குள் தனித்தனியே மறைவாக வையுங்கள் என அவர்கள் பரிந்துரைத்தனர். வெற்றி பெற்ற ஒரு திட்டத்தின் குறையை அரை நூற்றாண்டு கழித்துக் கண்டறிய முடிந்ததற்கு ஒரே காரணம், யாரோ திரும்பிப் போய்ப் பெட்டிக்குள் பார்த்தார்கள் என்பதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த வைதம் காட்டையும் இங்கே நினைவுகூரலாம். டேவிட் லாக் 1947-இல் அங்கே பட்டாணிக்குருவிகளுக்குப் பெட்டிகள் வைத்து ஆய்வைத் தொடங்கினார். இன்றுவரை ஒவ்வோர் இளவேனிலிலும் அப்பெட்டிகள் திறந்து பார்க்கப்படுகின்றன. முதல் முட்டை எந்நாளில், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு எனக் குறிக்கப்படுகின்றன. பருவநிலை வெப்பமாவதற்கேற்பப் பறவைகள் முட்டையிடும் காலம் முந்திவருவதை உலகம் அறிந்துகொண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. வைதத்தின் பெட்டியும் பலகைதான். புஞ்சக்கரியில் நாங்கள் கட்டியதும் பலகைதான். அங்கே எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆள் போய்க்கொண்டிருக்கிறார். இங்கே ஒரு முறைகூடப் போகவில்லை.

என் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். இரண்டு காலைகள் தொலைவில் இருந்து கவனித்து, பறவை எதுவும் போய்வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நிலத்துக்காரரின் ஒப்புதலோடு அருகில் சென்றேன். துளையின் விளிம்பு கடித்து அகலமாக்கப்பட்டிருந்தது. அணிலின் வேலையாக இருக்கலாம். உள்ளே கொஞ்சம் வைக்கோல், தென்னை நார், பல்லி முட்டையின் ஓடுகள், காய்ந்த எலிப்புழுக்கை. அந்த வைக்கோலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணில் துளையை அகலமாக்கிய பிறகு ஒரு குண்டுகரிச்சான் இணை உள்ளே வந்து, குஞ்சு பொரித்து, பறந்து போயிருக்கலாம். அல்லது அணிலே அதைக் கொண்டுவந்திருக்கலாம், எலி கொண்டுவந்திருக்கலாம். இந்த முயற்சி வென்றதா தோற்றதா என்ற கேள்விக்கு விடை அந்தப் பிடி வைக்கோலில் இருந்தது. அதைப் படிக்க இப்போது வழியில்லை. ஆண்டுக்கு நான்கு முறை, தலா பத்து நிமிடம் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திருவனந்தபுரம் நகரத்திலிருந்து பேருந்தில் வரக்கூடிய தொலைவுதான்.

மற்றப் பெட்டிகளையும் தேடினேன். பன்னிரண்டில் ஐந்து கிடைத்தன. இரண்டு கீழே விழுந்து மட்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் சிறுதேனீக் கூட்டம் குடியிருந்தது. அது நல்ல செய்தியே, ஆனால் எங்கள் அறிக்கையில் நாங்கள் வாக்களித்த செய்தி அன்று. நான்காவதன் கட்டுக்கம்பி மரப்பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது, நீங்கள் பாராட்டிய படத்தில் உள்ளது.

இதில் தனிப்பட்ட குற்றவுணர்வுக்கு அப்பால் நம் கல்விச்சூழல் சார்ந்த ஒரு கேள்வி இருக்கிறது. நம் நிறுவனங்களில் படம் என்பது நிகழ்ச்சி நடந்ததற்கான சான்றாகச் சுருங்கிவிட்டது. நாக் மதிப்பீட்டுக்கான ஆவணங்களில் ஜியோடேக் செய்த படங்கள் கேட்கப்படுகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், மணி எல்லாம் படத்தின் ஓரத்தில் பதிவாகின்றன. வியப்பு என்னவென்றால், சூழலியல் களப்படத்துக்கும் இதே விவரங்கள்தாம் வேண்டும். கருவி ஒன்றே, குறிப்பும் ஒன்றே. ஆனால் மரம் நட்ட நாளின் படம் கேட்கப்படுகிறது. மூன்றாம் ஆண்டில் அம்மரம் நிற்கிறதா என்ற படம் கேட்கப்படுவதில்லை. தொடக்க விழாவுக்கு மதிப்பெண் உண்டு, தொடர்ச்சிக்கு இல்லை. முதல் படத்தை எடுத்தவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். அடுத்த ஆண்டு மாணவர்கள் புதிய பெட்டிகளோடு வருகிறார்கள்.

ஆகவே என் வாதம் இது: ஒரு கூட்டுப்பெட்டியின் முதல் படத்தைக் காட்டிலும் இரண்டாவது படமே அறிவுக்கு உரியது. பெட்டி வைத்து ஓராண்டோ ஐந்தாண்டோ கழித்து, அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் எடுக்கும் படம். பனியாறுகள் பின்வாங்குவதை உலகுக்கு உணர்த்தியவை அப்படி ஒரே இடத்திலிருந்து மீண்டும் எடுத்த படங்களே. நம் ஏரிக்கும் வயலுக்கும் அம்முறை பொருந்தும். பெரும் செலவும் இல்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் இரண்டு. அவற்றுக்கு மதிப்பளித்தே விடை சொல்ல விரும்புகிறேன்.

முதல் மறுப்பு, விழிப்புணர்வின் பெயரால் வருவது. பெட்டியில் பறவை வராவிட்டால் என்ன, அதைக் கட்டிய மாணவர்கள் அண்ணாந்து பார்க்கக் கற்றார்கள் அல்லவா? உண்மைதான், நானே அதற்குச் சான்று. அந்த நாள் இல்லாமல் இருந்திருந்தால் இத்துறைக்கு நான் வந்திருப்பேனா என்பது ஐயமே. ஆயினும் அன்று நான் கற்ற பாடத்தில் ஒரு பிழையும் சேர்ந்தே வந்தது. பறவைக்குக் குறைவது வீடு, அதை நாம் பலகையால் ஈடுகட்டலாம் என்ற எண்ணம் அது. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள எனக்கு மூன்றாண்டுகள் ஆயின. விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு வந்து வேறு துறைகளுக்குப் போய்விட்ட மற்றவர்கள் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுள் ஒருவர் நாளை ஒரு கோப்பில் கையெழுத்திடும் இடத்தில் இருந்து, ஈரநிலத்தை நிரப்பிவிட்டு ஓரத்தில் ஐம்பது கூட்டுப்பெட்டி வைக்கலாம் என ஒப்புதல் தரக்கூடும்.

இரண்டாம் மறுப்பு, கூடுகளைப் படம் எடுப்பதே தவறு அல்லவா என்பது. பறவை குடியிருக்கும் கூட்டைப் பொறுத்தவரை இதை நான் முழுமையாக ஏற்கிறேன். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு செய்வதும் அடங்கும். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துப்பாக்கி ஏந்தியவரும் கூட்டருகே கிளையை விலக்கிப் படம் எடுப்பவரும் சட்டத்தின் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள். பெற்ற பறவை விலகிப்போன சில நிமிடங்களில் காகம் வந்துவிடும். இடக்குறிப்போடு வெளியான கூட்டுப்படம் அடுத்த நாள் பத்துப் பேரை அங்கே கொண்டுவரும். ஆகவே இனப்பெருக்கக் காலத்தில் அருகே போகாதீர்கள். தொலைவில் இருந்து எண்ணிக் குறியுங்கள். காலம் முடிந்து வெறுமையான பெட்டியைத் திறந்து படம் எடுங்கள். பழைய பெட்டி படத்துக்கு உகந்த பொருளாவது இதனால்தான்: அதைப் படம் எடுப்பதால் யாருக்கும் தீங்கில்லை, நாம் கற்பதற்கோ நிறைய இருக்கிறது.

இனி அந்த மொட்டைத் தென்னை. மீண்டும் போனபோது அதைச் சேர்த்துப் படம் எடுத்தேன். இப்பதிவோடு இணைத்திருப்பது அப்படமே. தண்டில் மூன்று பொந்துகள் தெரிகின்றன. பொன்முதுகு மரங்கொத்தி குடைந்தவையாகத் தோன்றுகின்றன. மேல்பொந்தின் வாயில் ஒரு புள்ளி ஆந்தையின் முகம் இருக்கிறது, பெரிதாக்கினால்தான் தெரியும். மரங்கொத்தி ஒரு பருவம் பயன்படுத்தி விட்டுப் போகும் பொந்தில், பின்னர் மைனாவும் குண்டுகரிச்சானும் ஆந்தையும் கிளியும் அடுத்தடுத்துக் குடியேறுகின்றன. நாங்கள் பன்னிரண்டு பெட்டிகளைச் சுமந்துகொண்டு கடந்துபோன வரப்பில், அவ்வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒரு மரம் இது. அன்று அது கண்ணில் படவில்லை. சென்ற வாரம் பட்டது, அழகுக்காக வெட்டினேன்.

ஆயினும் பட்ட தென்னைகளையெல்லாம் விட்டுவையுங்கள் என்று உழவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். அது பக்கத்துத் தோப்பைத் தாக்கும். பட்ட மரத்தை அகற்றச் சொல்லும் வேளாண் அறிவுரை காரணமற்றதன்று. இங்கேதான் கூட்டுப்பெட்டிக்கு உண்மையான இடம் இருக்கிறது. எங்கே பொந்து மரத்தை அகற்றியே ஆக வேண்டுமோ, அங்கே அதில் குடியிருந்த இனம் எது என்று பார்த்து, அதற்கேற்ற துளையோடு, மழை படாத திசையில், மரத்தை நெரிக்காத கட்டில் ஒரு பெட்டி வைத்து, ஆண்டுதோறும் கவனித்தால் அது பயன் தரும். பெட்டி கடைசியில் வர வேண்டியது. நாம் அதை முதலில் கொண்டுவந்துவிடுகிறோம்.

முதலில் வர வேண்டியது எது என்பதைத் தமிழ்நாட்டின் பழைய பறவையிடங்கள் காட்டுகின்றன. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் எழுத்தில் பெற்றார்கள். அவர்கள் காத்தது ஏரியையும் அதில் நிற்கும் மரங்களையும். அந்த நீரில் சேரும் பறவை எச்சம் தம் வயலுக்கு உரம் என்பதையும் அறிந்திருந்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன, ஊரார் பொறுத்துக்கொள்கிறார்கள். இதற்கு நேர்மாறான காட்சியையும் நாம் கண்டோம். 2022 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டம் வி.கே. படியில், தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காக மரம் ஒன்று சாய்க்கப்பட்டபோது, கூடுகளில் இருந்த குஞ்சுகள் ஏராளமாக விழுந்து மடிந்தன. அக்காணொளியைப் பலர் பகிர்ந்தனர். வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. அந்த மரத்துக்கு ஈடாக எத்தனை பெட்டி வைத்தாலும் நீர்க்காகமும் கொக்கும் அவற்றில் குடியேறப் போவதில்லை.

வெள்ளாயணிக்கு வேண்டியதும் இத்தகையதே: எந்த மாதத்தில் நீர் எவ்வளவு நிற்க வேண்டும், எந்தப் பரப்பில் மிதவைத் தாவரங்களை அகற்றலாம், தாமரைக்கோழி கூடு வைக்கும் காலத்தில் எந்தப் பரப்பைத் தொடாமல் விட வேண்டும் என்ற தெளிவு. ஆகாயத்தாமரையை நீக்குவது தேவையான பணி. அதையும் பருவம் பார்த்து, பகுதி பகுதியாகச் செய்தால் கூடுகள் தப்பும். 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நிலத்தை நிரப்புவதைத் தடுக்க நமக்குக் கிடைத்துள்ள கருவி. அக்கருவி வேலை செய்ய, இந்த வயலில் இந்த ஆண்டு இந்தப் பறவை இருந்தது என்ற நாளிட்ட, இடம் குறித்த சான்று வேண்டும். நம் கைப்பேசிப் படங்கள் அதற்குத்தான் பயன்பட வேண்டும்.

என்னளவில் செய்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பூவரசின் கட்டுக்கம்பியையும், மரத்தை நெரித்த மற்றொன்றையும் நிலத்துக்காரர்களின் ஒப்புதலோடு வெட்டி நீக்கினேன். சிறுதேனீக்கள் இருந்த பெட்டியைத் தொடவில்லை. ஐந்து பெட்டிகளின் இருப்பிடம், உயரம், துளை பார்க்கும் திசை, உள்ளே இருந்தவை, நிலை ஆகியவற்றை ஓர் அட்டவணையாக்கியிருக்கிறேன். கிடைக்காத ஏழுக்கும் ஏழு வரிகள் உண்டு. அவற்றில் 'காணப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். பயன் தராத முயற்சிகளை வெளியிட நம் இதழ்கள் தயங்குகின்றன என்பது தெரியும். ஆயினும் இதை ஒரு சிறு களக்குறிப்பாக எழுதி அனுப்பப் போகிறேன். என் தன்விவரக் குறிப்பில் இருந்த அந்த வரியையும் திருத்திவிட்டேன்: பன்னிரண்டு கூட்டுப்பெட்டிகள் வைத்தோம், ஆறாண்டுகள் கவனிக்கவில்லை, விளைவு தெரியாது.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியும் ஏதோ ஓர் ஆண்டில் ஏதோ ஒரு குளக்கரையில் பெட்டியோ மண்கலமோ கட்டியிருக்கும். அந்த நாளின் படம் துறையின் கணினியில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு விடுமுறைக் காலையில் அங்கே போங்கள். இனப்பெருக்கக் காலம் அல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். பக்கத்தில் பட்ட மரம் இருந்தால் அதையும் விட்டுவிடாமல் சேர்த்து எடுங்கள். நான் அடுத்த நவம்பரில் மீண்டும் புஞ்சக்கரிக்குப் போகிறேன். அந்தப் பெரியவரிடம் நாளைச் சொல்லி வைத்திருக்கிறேன்.